பாதிப் பதில்

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. அலுவலகத்தின் மேற்குச் சன்னல் வழியாகச் சாரல். வாக்காளர் பட்டியலின் ஓரம் நனைந்துவிட்டது. மறுபடி அச்செடுக்க வேண்டும்.

பேராயர் ஓய்வு பெற்று ஒரு மாதம். நாற்காலி காலி. பேராயச் செயலாளர் என்ற முறையில் எல்லா வேலையும் என் தலையில்.

இந்த வாரம்:
— வியாழன்: பேராயர் பதவிக்கு வந்த மனுக்கள் பரிசீலனை.
— அடுத்த செவ்வாய்: பேராய மன்றம். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு மூன்று பெயர். மூவரில் யார் பேராயர் என்பது மேலே, திருச்சபையின் தலைமை மன்றமான சினட்டின் முடிவு.
— சினட் அனுப்பும் வெளியூர்ப் பேராயருக்கு அறை. காபியில் சர்க்கரை கூடாதாம்.
— பல் டாக்டர். மூன்றாவது முறையாகத் தள்ளிப்போடுகிறேன்.

இதுவரை ஐந்து மனு. ஐந்தாவது செல்வினுடையது. அவனாகக் கேட்கவில்லை. மலைச் சபைக்காரர்கள் முன்மொழிந்து, வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இறையியல் கல்லூரியில் நானும் அவனும் ஒரே அறை. பதினொரு வருடமாகப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், அங்குள்ள தமிழ்ச் சபைக்கு ஆயர். யாரும் போக விரும்பாத இடம். கேட்டு வாங்கிப் போனவன்.

கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஷீபா மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள் (ஆயர்கள் எல்லாரும் அவளுக்கு 'அச்சன்'): "செல்வின் அச்சனுக்குத்தான் கிட்டும், இல்லே அச்சா? எல்லாரும் அப்படித்தான் பறயுறாங்க."

"கிட்டட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டு விட்டு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொன்றுக்குப் பரிசீலனை. வெளியூர்ப் பேராயர் தலைமை, உறுப்பினர்கள் நால்வர், நான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி. செல்வின் பெயர் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "செயலாளர் ஐயா, இவர் பேரில் புகார் ஏதும் உண்டா?"

"நற்கருணை கொடுத்தது பற்றிப் புகார்க் கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது."

உண்மைதான். ஆறு வருடம் முன்பு வந்த கடிதம். ஞானஸ்நானம் பெறாத பெண்ணுக்கு நற்கருணை கொடுத்தார் என்று. ஆனால் மூன்று பேர் குழு மலையேறிப் போய் விசாரித்தது. அந்தப் பெண் பாக்கியம், கைக்குழந்தையாக இருந்தபோதே திருநெல்வேலிப் பக்கத்து ஆலயம் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றவள். சான்றிதழ் வந்தது. புகார் எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் அறிக்கையில் இருக்கிறது. அறிக்கை என் முன்னால், கடிதத்துக்கு மேலேயே இருந்தது. என் கை அதன் மேல் இருந்தது.

அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

"நற்கருணை சம்பந்தமா? அப்படியானால் நமக்கு எதற்கு வம்பு" என்று பேராயர் பெயரை ஒதுக்கிவைத்தார். யாரும் மறுக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஒதுக்கிய பெயருக்குப் பதிலாகப் புது மனு தர அன்று நான்கு மணிவரை நேரம் உண்டு. மூன்றரைக்கு நகரச் சபைக்காரர்கள் இருவர் வந்தார்கள். "செல்வின் அச்சன் இல்லேன்னா மலைக்கார ஓட்டு உங்களுக்குத்தான். அச்சன் ஒரு கையெழுத்துப் போட்டா மதி, அது போதும்."

போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

ஷீபா காலையில் தேநீர் வைத்துவிட்டு நின்றாள். "அச்சா, அந்த ரிப்போர்ட்ட நான் மேலயே வச்சிருந்தேனே. கண்டில்லையா?"

"பார்த்தேன்."

அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள்.

மதியம் செல்வின் போன். நல்ல வேளை என்று தோன்றியது; நானாகக் கூப்பிடத் தைரியம் வந்திருக்காது. "பேரு எடுத்துட்டாங்களாமே? போட்டும்டே. உனக்க பேரு இருக்குன்னு கேட்டேன், சந்தோஷம்." பிறகு கேட்டான்: "வேற ஏதாவது சொல்லணுமாடே?"

"ஒன்றுமில்லை" என்றேன். சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மன்றம். நல்ல வெயில். மண்டபத்தில் வேர்வை நாற்றம், பிரியாணி வாசனை.

மூன்று பெயர் தேர்வு. நான் இரண்டாவது.

மாலை போடாத ஆள் இல்லை. வீட்டில் மனைவி கிரேஸுக்குப் போன் மேல் போன். நான் உள்ளே நுழையும்போது யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "பிஷப்பம்மான்னு எல்லாம் இப்பவே கூப்பிடாதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு." முகம் அப்படி மலர்ந்து இருந்தது. முப்பது வருடம் பாதிரி வீடுகளில் அடுத்தவர் விட்டுப்போன கட்டிலில் படுத்தவள். அவளிடம் எப்படிச் சொல்வேன்.

மலைச் சபைப் பிரதிநிதிகள் ஏழு பேரும் எனக்குக் கை கொடுத்தார்கள். "செல்வின் ஐயா உங்களுக்குப் போடச் சொன்னாங்க" என்றார் ஒருவர்.

சாப்பிட முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

பல் வலி. இரண்டு நாளாகக் காலை ஜெபம் இல்லை. புத்தகத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

ஏன் செய்தேன்? திட்டம் எதுவும் இல்லை. கல்லூரியில் அவன் பிரசங்கம் செய்யும் நாளில் சமையல்காரர்கூட வந்து கதவருகே நிற்பார். நான் பேசும் நாளில் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதானா? இத்தனை வருடத்துக்குப் பிறகுமா? வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சனிக்கிழமை போனக்காட்டுக்குப் போய்வர வேண்டும்.

ஜூன் 14, சனி

விதுரை வழியாகப் பஸ். மேலே ஏற ஏற மூடுபனி. இறங்கி நடந்ததில் காலில் மூன்று அட்டை.

செல்வின் வாசலில் உட்காரவைத்து உப்புத் தடவி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். "மழையில எதுக்குடே வந்த? போன்ல சொல்லியிருக்கலாமே."

"போன்ல சொல்ல முடியாது."

சொன்னேன். அறிக்கை என் கையடியில் இருந்ததுவரை சொன்னேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்டே. அறிக்கையில எனக்கும் ஒரு காப்பி தந்தாங்க. அலமாரியில இருக்கு."

"அப்போ ஏன் அனுப்பல? மன்றம் கூட அஞ்சு நாள் இருந்ததே!"

"உனக்க வாயால வரும்னு பாத்தேன். போன்லயும் கேட்டேன், இல்லியா?"

அவன் மனைவி லீலா கட்டன் சாயாவை என் முன்னால் வைத்தாள். உட்காரவில்லை. "நான் அன்னைக்கே அனுப்பச் சொன்னேன் அச்சா. 'அவன் சொல்லிருவான் லீலா, செவ்வாய்க்கெழமைக்குள்ள சொல்லிருவான்'னாங்க. தினம் ராவிலே இதே பேச்சு. செவ்வாய்க்கெழமை வந்து மாலை போட்ட போட்டோதான் வந்தது." உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் குடை பிடித்து வந்தாள். அவள்தான் பாக்கியம். செல்வின் காதில் விழாத தூரத்தில் என்னைக் கேட்டாள்: "ஐயா, என்னாலயா எங்க ஐயாவுக்குக் கெடைக்காமப் போச்சு? நான் அன்னைக்கு அப்பம் வாங்காம இருந்திருக்கலாமோ?"

"இல்லம்மா. என்னாலதான்."

அவளுக்குப் புரியவில்லை. சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

ஜூன் 16, திங்கள்

சினட்டுக்குக் கடிதம். ஒரு பக்கம். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், எதை மறைத்தேன். அறிக்கை இணைப்பு. என் பெயரை விலக்கிக்கொள்கிறேன். செயலாளர் பொறுப்பிலிருந்தும் விலகல். நகல்: மன்ற உறுப்பினர் அனைவருக்கும்.

ஷீபா படித்துப் பார்த்து உறையில் போட்டாள். "இத அன்னைக்கு ஒரு வாக்குல சொல்லியிருந்தா..."

கிரேஸிடம் அனுப்பிய பிறகுதான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பேரு போனதுக்கு நான் அழல. செல்வின் அண்ணன் நம்ம கல்யாணத்துல மோதிரத்த எடுத்துக் கொடுத்த ஆளு" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

சினட்டின் பதில். மன்றத்தின் தேர்தல் முடிந்தது முடிந்ததே. அறிக்கையைக் கவனத்தில் கொண்டார்களாம். மற்ற இருவரில் மூத்தவர் பேராயராக நியமனம்.

எனக்கும் செல்வினுக்கும் அறுபத்தொன்று. அடுத்த முறை நாற்காலி காலியாகும்போது அவனுக்கு வயது தாண்டியிருக்கும்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. வலது பக்கம் வீக்கம்.

ஜூலை 8, செவ்வாய்

புதுப் பேராயரின் முதல் சுற்றறிக்கை. புதுச் செயலாளர் இன்னும் பொறுப்பேற்காததால் தயாரித்தது நான்.

செல்வின் கடற்கரைச் சபை ஒன்றுக்கு மாற்றம். போனக்காட்டுக்குத் தனி ஆயர் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு கீழே இருந்து யாராவது போய் ஆராதனை நடத்துவார்கள், அதுவும் மலையாளத்தில். தோட்டங்களுக்கெல்லாம் நிரந்தரத் தமிழ் ஆயர் வேண்டும் என்று செல்வின் வருடா வருடம் மன்றத்தில் கேட்டுவந்தான். அவன் பேராயராகியிருந்தால் முதல் சுற்றறிக்கை அதுவாக இருந்திருக்கும்.

கையெழுத்து வாங்கப் போனபோது, போனக்காட்டுக்கு என்னை அனுப்பும்படி கேட்டேன். பேராயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அச்சனுக்கு இந்த வயசுல மலை ஏற முடியுமோ?"

"முடியும் திருமேனி."

"எங்கில் சரி, போங்க. வேற யாரும் கேக்கப் போறதில்ல."

ஜூலை 10, வியாழன்

கிரேஸ் பாத்திரங்களைப் பிரிக்கிறாள். கம்பளி வாங்க வேண்டும் என்றாள்.

சாயங்காலம் செல்வினைக் கூப்பிட்டேன். அவன் பேச்சில் கோபம் இல்லை; வேலை விவரம் மட்டும். ஆராதனை ஒன்பதுக்கு, ஆனால் பத்துக்கு முன்னால் யாரும் வரமாட்டார்கள். முன் வரிசைப் பொன்னுசாமிக்குக் காது மந்தம், சத்தமாக வாசிக்க வேண்டும். மழைக்காலத்தில் பலிபீடத்துக்கு இடப்பக்கம் ஒழுகும்.

"சாமான் எப்போ ஏத்துற?" என்று கேட்டேன்.

"சனிக்கெழம."

"நானும் வரேன்டே. ரெண்டு கை உதவியா இருக்கும்."

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அது நின்றது.

"வேண்டாம்டே" என்றான். "நாங்க போனதுக்கு அப்புறம் வா."