அக்காவைப் பற்றி இங்கிலீஷில் எழுதினேன்

ஜூன் 30, 2025, திங்கள்

கல்லூரியில் இங்கிலீஷ் எழுத்துப் பயிற்சிக்கு இன்று முதல் வகுப்பு. சூரியபிரகாஷ் சார் ஆளுக்கொரு விதித்தாள் கொடுத்தார். தாமதமாகக் கொடுத்தால் மதிப்பெண் இல்லை. போனில் AI-யை எழுதவைத்துக் கொண்டுவந்தால் பூஜ்யம். எழுதுவது சொந்த அனுபவமாக இருக்க வேண்டும், கற்பனை கூடாது. முதல் வரைவை வகுப்பில் இன்னொருவர் படித்துத் திருத்துவார். அதற்குப் பிறகு தலைப்பை மாற்ற முடியாது.

பள்ளியில் நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்தால் போதும், யாருடைய அனுபவமும் நம் அனுபவம் ஆகிவிடும். இனி நானே சொந்தமாக ஒரு வாழ்க்கையைக் காட்ட வேண்டுமாம்.

ஜூலை 4, வெள்ளி

தலைப்பு: என் வீட்டில் ஒருவர். அப்பாவைப் பற்றி ஆரம்பித்தேன். செல்லப்பாண்டி, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம், கோபக்காரர். அதற்கு மேல் பேனா நகரவில்லை. சும்மா ஒரு வரி அக்காவைப் பற்றி எழுதினேன். பிறகு நிற்கவே இல்லை.

ஊரில் நாங்கள் சொல்வதுபோல முத்துலட்சுமி அக்கா கோயம்புத்தூர் கம்பெனியில் இல்லை. ஜோஷ்வா அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு குமுளியில் இருக்கிறாள். ‘அவ பேரை இங்கன யாரும் எடுக்கக் கூடாது’ என்று அப்பா சொன்னார். யாரும் எடுப்பதில்லை. ஆனால் அம்மா மாதம் ஒரு தடவை சுகர் மாத்திரை வாங்கக் கம்பம் போகிறாள். ஓடைப்பட்டியிலேயே கிடைக்கிற மாத்திரைதான். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். நானும் ஒரு தடவை போய்த் தூக்கினேன். அவனுக்கு இரண்டே வார்த்தை வருகிறது, இரண்டும் மலையாளம். தனக்குப் பேரன் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் எழுதினேன். தமிழில் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். எங்கள் வீட்டில் யார் இங்கிலீஷ் படிக்கப்போகிறார்கள்? மருந்து டப்பாவில் இருப்பதைக்கூட நான்தான் படித்துச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் உடம்பே லேசாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

சார் கட்டுரைகளைக் கலைத்துப்போட்டு ஆளுக்கொன்றாகத் திருத்தக் கொடுத்தார். என்னுடையது மதன்குமாரிடம் போனது. எங்கள் தெருக்காரன். அவன் அப்பாவும் என் அப்பாவும் தினமும் காலையில் ஒரே டீக்கடையில்தான் உட்காருவார்கள்.

விதியில் இது இருந்ததே, நான்தானே படித்தேன்? எழுதும்போது புத்தி எங்கே போனது? சாரிடம் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. காரணம் இருந்தா சொல்லு.” காரணத்தைச் சொல்ல முடிந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்.

ஜூலை 9

அம்மா சோறு போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மதன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். எழுத்துப் பிழைகளை மட்டும் வட்டம் போட்டிருந்தான். ஏகப்பட்ட வட்டம். பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்தான்.

“உங்க அக்கா குமுளியில இருக்குறது எங்க வீட்டுல முன்னமே தெரியும். எங்க அம்மா சொன்னாக.”

“ஊருக்கே தெரியுமா?”

“பாதிப் பேருக்குத் தெரியும். உங்க அப்பா மனசு நோகும்னு அவர் முன்னால யாரும் பேசுறதில்ல. ஆனா உங்க அம்மா கம்பம் போய் அக்காவப் பாக்குறது யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன், பயப்படாத.”

இத்தனை நாளும் ‘கோயம்புத்தூர்ல அக்கா நல்லா இருக்காளா?’ என்று கேட்டவர்கள் எல்லாம் தெரிந்துதான் கேட்டார்களா? கூச்சமாக இருக்கிறது. ஆனால் இன்று தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

விதித்தாளுக்குப் பின்பக்கம் இருக்கிறது. நான் திருப்பியே பார்க்கவில்லை. மடச்சி.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பெற்றோர் நாள். வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். அவர் முன்னால் அவரவர் கட்டுரையை, எழுதியது எழுதியபடி, மேடையில் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் அந்தப் பாடத்தில் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லையென்றால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார். வாசித்தால்—

அப்பாவிடம் கல்லூரியிலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள். டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார், மகள் இங்கிலீஷில் பேசப்போகிறாள் என்று. வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 23, புதன்

தலைப்பை மாற்றித் தரச் சொல்லி சாரிடம் கெஞ்சினேன். உச்சரிப்புக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். “மெதுவா வாசி, ஒண்ணும் ஆகாது” என்றார்.

வேறு வழியில்லாமல் அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “இங்கிலீஷ்லதான? அவருக்கு என்ன வெளங்கப்போகுது. வாசிச்சுட்டு வா ஆத்தா” என்றாள். ராத்திரிக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்பா இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வாசித்துவிட்டேன்.

மைக் முன்னால் நின்று முதல் வரியை வாசிக்கும்போதுதான் உறைத்தது. பேர்கள் இங்கிலீஷ் ஆவதில்லை. முத்துலட்சுமி எந்த பாஷையிலும் முத்துலட்சுமிதான். அந்தப் பேர் ஒலிபெருக்கியில் போய் மண்டபம் முழுக்கக் கேட்டது. பேரை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். பயத்தில் கண் எதைப் பார்த்ததோ வாய் அதைச் சொன்னது. ஜோஷ்வா. குமுளி. பேபி. அம்மா பேர் கருத்தம்மாள். கம்பம் பஸ் ஸ்டாண்ட். அம்மாவின் சுகர் மாத்திரைகூட இங்கிலீஷிலும் சுகர்தான்.

அப்பா முன்வரிசையில் இருந்தார். முதல் பேருக்கு நிமிர்ந்தார். அதற்குப் பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னமனூரில் இறங்கியதும், “டீ குடிக்கிறியா?” என்றார். அவ்வளவுதான். அம்மாவை என்ன செய்வார்? என்னை நாளைக்கே நிறுத்திவிடுவாரா? கத்தினால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 2

“பேர் வந்துருச்சும்மா” என்று சொன்னேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த மாதம் கம்பம் போகவில்லை என்றாள். அக்காவுக்கு யார் சொல்வது?

ஆகஸ்ட் 4

அப்பா தோட்டத்துக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் காலேஜ் கிளம்பும்போது நிறுத்துவார் என்று ஒவ்வொரு காலையும் செருப்பு மாட்டும் வரைக்கும் பயம்.

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் அப்பா தோட்டத்திலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டித் திராட்சையோடு வந்தார். அடுப்படி வாசலில் வைத்துவிட்டு, “நாளைக்குக் கம்பம் போகலையா?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “இல்ல. மாத்திரை இருக்கு.”

“போயிட்டு வா. கொட்டையில்லாத பழமாப் பாத்து எடுத்து வச்சிருக்கேன். சின்னப்பிள்ளைக்கு நாலா நறுக்கிக் குடுக்கச் சொல்லு. முழுசாக் குடுத்தா தொண்டையில சிக்கிரும்.”

எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. பிறகு என்னிடம் கேட்டாள், “நாலாவா நறுக்கச் சொன்னாக?”