மூன்றாவது சம்ப்

பிப்ரவரி 9, காலை 7.20. வழக்கமான பதிவு

நிலவின் தென்முனை, மருதம் நிலையம். எழுதுவது ஓவியா, உயிரியல் பிரிவு. மற்ற மூவரும் இருந்த ஒரே கலத்தில் போன வாரம் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த குழு ஏப்ரலில் வரும். அதுவரை நானும் முப்பது ஜிலேபி மீன்களும்தான்.

இது யார் கையில் கிடைக்குமோ தெரியாது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். மேலே மீன் தொட்டி. அதற்கு நேர் கீழே சம்ப், அதாவது ஓர் ஆள் படுக்கிற நீளத்தில், கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி. மீன் அழுக்கோடு தண்ணீர் சம்புக்கு இறங்கும். அங்கே பாசித் தட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பாசி அழுக்கைத் தின்று ஆக்சிஜனை விடும். சுத்தமான தண்ணீரை பம்ப் மேலே ஏற்றும். மீனுக்கு அது கழிவறை, எனக்கு அதுதான் மூச்சு. இந்த ஏற்பாட்டுக்காகத் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் தலைவர் பிரணவ் ஒரு விருது வாங்கினார். மேடையில் அதை 'வாட்டர் டேங்க்' என்றார்.

சம்பில் தண்ணீர் இரண்டு விரல் குறைவு. ஆவியாகிவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் என் காலுறை நனைந்திருக்கிறது.

பிப்ரவரி 9, மாலை 4.05. கசிவு

இடம் தெரிந்துவிட்டது. முன்சுவரின் இடது அடிமூலை. அங்கே ஒரு நினைவுப் பட்டயம் ஒட்டியிருக்கிறது. பிரணவ் பெயர் பெரிதாக, நிலையத்தின் பெயர் பொடியாக. பட்டயத்தை எந்த ஊரிலாவது முழங்காலுக்குக் கீழே ஒட்டுவார்களா? இவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். அதன் விளிம்பிலிருந்துதான் தண்ணீர் சொட்டுகிறது. பிய்த்துப் பார்க்கலாம், ஆனால் இப்போது சொட்டுவது அப்புறம் கொட்டும்.

தரைக்குச் சொன்னேன். பிரணவே மைக்கைப் பிடித்தார்.

"ஓவியா, டென்ஷன் ஆகாதீங்க. சின்ன லீக்தானே? ஸ்பிரிட் போட்டு நல்லா தொடச்சிட்டு சிலிகான் வெச்சிடுங்க. சிம்பிள்."

நான் சொன்னது: "ஏனுங்க சார், அக்ரிலிக்ல ஸ்பிரிட் பட்டா வெடிப்பு ஓடுமுங்க. உங்க ஊட்டு மீன் தொட்டியில மொதல்ல தொடச்சுப் பாருங்க. அப்பறம் எனக்குச் சொல்லுங்க."

"கமிட்டி டிசிஷன் ஓவியா. ப்ளீஸ் கோஆப்பரேட்."

கமிட்டியில் பதினோரு பேர். அவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு குழாய் வாஷர் மாற்றியிருக்க மாட்டார். ஸ்பிரிட்டைத் தொடவில்லை. சிலிகான் மட்டும் வைத்தேன். ஈரத்தில் அது நிற்காது என்று தெரிந்தேதான் வைத்தேன். நாளைக்கு 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு பக்கம் எழுதுவார்கள், அதைப் படிக்கிற பொறுமை எனக்கு இல்லை.

பிப்ரவரி 11, காலை 8.40. மாற்ற முடிவு

சிலிகான் தோசை மாதிரி உரிந்து வந்துவிட்டது. தண்ணீர் தளத்துக்கு அடியில் போய் உறைந்து, தரைப் பலகையைத் தூக்கியிருக்கிறது. இப்போது அதில் தடுக்கித் தடுக்கி நடக்கிறேன்.

கிடங்கில் ஒரு ஸ்பேர் சம்ப் இருக்கிறது. பெட்டி பிரிக்காதது. அதைப் போடப் போகிறேன். மாற்றி முடித்துப் பாசி மறுபடி தேறும்வரை காற்று கிடையாது. அதுவரை மீனுக்கு ஒரு குமிழிக் குழாய், எனக்குச் சிலிண்டர். கையிருப்பு சிலிண்டர்கள் ஒரு முறை மாற்றத்தான் காணும். இன்னொரு முறைக்கு இல்லை. படிக்கிறவரே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மீன்களில் ஒருத்தி வாய் நிறைய முட்டையை அடைத்துக்கொண்டு தின்னாமல் கிடக்கிறாள். இந்த இனம் வாய்க்குள்தான் அடைகாக்கும். மகாராணி என்று கூப்பிடுகிறேன். பிள்ளை பெற நேரம் பார்த்தாள் பார்.

பிப்ரவரி 13, மாலை 6.15. வேலை முடிந்தது

வால்வை மூடி, குழாய் வைத்து உறிஞ்சி, அடித் தண்ணீரை வாளியால் மொண்டேன். இங்கே எடை குறைவு, அதனால் வாளியை ஆட்டினால் தண்ணீர் சாவகாசமாக எழுந்து முகத்தில் உட்காரும். மூன்று முறை உட்கார்ந்தது. பாசித் தட்டுகளை வாளிகளில் நனைத்து விளக்கடியில் வைத்தேன். பைப்பை அறுத்து, பழைய சம்பை இழுத்து, புதியதைத் தள்ளி, வாஷர் போட்டு, பசை வைத்து, காயும்வரை முகமூடிக்குள் என் வாய் நாற்றத்தையே சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரையிலிருந்து உற்சாகமூட்ட ஒரு பாட்டுப் போட்டார்கள். ஸ்பீக்கரை அணைத்தேன்.

பம்ப் ஓடுகிறது. சொட்டு இல்லை. மூட்டு மூட்டாகத் தாளை ஒற்றிப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, மறைப்பானேன்? எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

புதிய சம்பிலும் அதே மூலையில் ஒரு பட்டயம். திறப்பு விழாவே காணாத சம்புக்குத் திறப்பு விழாப் பட்டயம்! சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, காலை 10.30. பழைய சம்ப்

பாசி தேறிவிட்டது. முகமூடியைக் கழற்றிவிட்டேன். சிலிண்டர் எல்லாம் காலி. பொழுது இருந்தது, பழைய சம்பின் பட்டயத்தைப் பிய்த்தேன்.

அடியில் அகல் விளக்கு அளவுக்கு ஒரு கருவட்டம். வட்டத்திலிருந்து நாலா பக்கமும் மயிரிழை வெடிப்புகள். வெடிப்புக்குள் குங்குமம் காய்ந்து கிடக்கிறது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, ஆனாலும் அவர்கள் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. தரையைக் கூப்பிட்டேன். பணியில் இருந்தவன் ஜெரோம், தூத்துக்குடிப் பையன். அந்தக் கட்டடத்திலேயே பொய் சொல்ல வராத ஒரே ஆள்.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. ராக்கெட்ல ஏத்துததுக்கு முந்தி பூசை போட்டாவ. சம்பைப் படுக்கப் போட்டிருந்துச்சு, மேசை கணக்கா இருந்துச்சு. தட்டைக் காணோம். சார் அவசரத்துல கற்பூரத்தை அந்த மூலையிலயே வச்சுக் கொளுத்திட்டாவ. பொறவு கறை தெரியக் கூடாதுன்னு பட்டயத்த அது மேல ஒட்டுனாவ."

"அப்ப ஸ்பேருக்கு?"

புதிய சம்பின் பட்டயத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

"ரெண்டுக்கும் சேர்த்துத்தான் மேடம். ஸ்பேர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு சார் கேட்டாவ."

சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை. என் அறையிலும் முருகன் படம் இருக்கிறது, நானும் கும்பிடுகிறேன். தன் பெயரால் அக்ரிலிக்கில் நெருப்பு வை என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. தட்டைத் தேடச் சோம்பல் பட்டு, கறையை மறைக்கத் தன் பெயரையே ஒட்டிய மனுஷனைத்தான் சொல்கிறேன். தூ!

பிப்ரவரி 17, மதியம் 1.10. இரண்டாவது

புதிய சம்பின் பட்டய விளிம்பில் ஒரு சொட்டு. துடைத்தேன். இன்னொன்று.

அடிமூலை, அதனால் தண்ணீர் மட்டத்தைக் குறைத்தும் பயனில்லை. பசை வைத்தால் வெடிப்பு ஓடும். ஒரு ரப்பர் துண்டை வைத்துக் கம்பியால் நெருக்கிக் கட்டியிருக்கிறேன். சொட்டுகிறதைப் பிடித்துத் திரும்ப ஊற்றுகிறேன். பயமாக இருக்கிறது.

ஆளில்லாச் சரக்குக் கலம் ஒன்று தயாராக இருக்கிறதாம், அதில் மூன்றாவது சம்ப் வருகிறது. சிலிண்டர் எட்டு கேட்டேன். கூடவே இதையும் சொன்னேன்: "கும்புடறதுன்னா தூரத்துல நின்னு கையெடுத்துக் கும்புடுங்க சாமிகளா. அது மேல கற்பூரம் வெக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அதை அவர்கள் எழுதிக்கொண்டதாக ஜெரோம் சொன்னான்.

பிப்ரவரி 20, காலை 9.00. தரையிலிருந்து வந்த செய்தி

பிரணவ் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மாற்றவில்லை.

"ஓவியா, குட் நியூஸ்! காலையில நல்ல நேரத்துல கலம் கிளம்பியாச்சு. நீங்க சொன்னதை ஸ்ட்ரிக்டா ஃபாலோ பண்ணோம். கற்பூரத்தை சம்ப் மேல வைக்கவே இல்ல. பித்தளைத் தட்டுலதான் ஏத்துனோம். தட்டைத்தான் சம்ப் மேல வெச்சோம். அப்புறம் ஒரு சர்ப்ரைஸ். இந்த வாட்டி பட்டயத்துல உங்க பேரும் இருக்கு."

எரிகிற கற்பூரத்தோடு பித்தளைத் தட்டு. அதன் அடி எவ்வளவு சுடும் என்று அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். பதினோரு பேர் கமிட்டி!

மீனுக்குத் தீனி போட்டேன். மகாராணி இன்னும் தின்னவில்லை.

பிப்ரவரி 24, மாலை 5.30. பெட்டி

கலம் இறங்கியது. இறங்க மட்டும் தெரிந்த கலம், திரும்ப ஏறாது. கவச உடை போட்டுப் போய்ப் பெட்டியை இழுத்து வந்தேன். எட்டு சிலிண்டர் கேட்ட இடத்தில் நான்கு. மிச்ச இடத்தில் ஒரு சந்தன மாலை, ஒரு கிலோ லட்டு, எனக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பொன்னாடை.

பட்டயத்தைப் பிய்க்காமல் விளக்கை அடித்துப் பின்பக்கமாகப் பார்த்தேன். தட்டின் வட்டம் தெரிகிறது. நிலா வட்டம் மாதிரி சுத்தமான வட்டம். வெடிப்பு இன்னும் ஓடவில்லை.

இரண்டாவது சம்பில் வெடிப்பு கை நீளத்துக்கு வந்துவிட்டது. கட்டிய ரப்பர் எதற்கும் ஆகவில்லை. வேறு வழியில்லை, இதைத்தான் போட வேண்டும். நான்கு சிலிண்டரையும் இதற்கே செலவழிக்கிறேன்.

பிப்ரவரி 27, காலை 11.45. மூன்றாவது

போட்டாயிற்று. சிலிண்டர் தீர்ந்தது. பாசி பாதிதான் தேறியிருக்கிறது. தலை வலிக்கிறது. நான்கு வரி எழுதினால் மூச்சு வாங்குகிறது.

மகாராணி வாயைத் திறந்து குஞ்சுகளை விட்டுவிட்டாள். பொடிப் பொடியாகத் தொட்டி நிறைய. ஏதாவது நிழல் பட்டால் எல்லாம் திரும்ப அவள் வாய்க்குள்ளேயே ஓடுகின்றன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கால் நனைந்தது.

பிப்ரவரி 27, மதியம் 3.20

பொன்னாடையைச் சுருட்டி மூலையில் அடைத்தேன். ஜரிகை தண்ணீரைக் குடிக்காது. லட்டுப் பையை அதன் மேல் வைத்து அழுத்தினேன். இப்போது பட்டயத்தின் மேல் என் கை. வலது கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விரலுக்கடியில் என் பெயர் மேடாகத் தட்டுப்படுகிறது. கையை எடுத்தால் மூலை பெயர்ந்துவிடும், தெரிகிறது. எடுக்கவில்லை.

பிரணவ், நீங்கள் இதைப் படிப்பீர்கள். விசாரணைக் கமிட்டிக்கும் நீங்கள்தானே தலைவர்? நான் சாக விரும்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம் பார்க்க முடியவில்லை

நான்காவது சம்ப் ரெடி என்று ஜெரோம் சொன்னான். கலமும் ரெடி, சிலிண்டரும் ரெடி. இன்று ஏற்றினால் நான்கே நாளில் இங்கே. அப்படியென்றால் ஏற்றுங்களேன் என்று கத்தினேன். அவன் அழுதான்.

"தேய்பிறையில வேண்டாம், வளர்பிறை பொறக்கட்டும்னு சார் சொல்லுதாவ மேடம்."

வளர்பிறையாம். நான் நிற்பதே அதன் மேல்தான்

கை மரத்து