சாரல் நின்றதும் போ என்றவன் நான்

அன்பு மாப்ளே,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. எழுபத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து கற்றது. 'மாப்ளே' என்று எழுதியதும் சிரித்துவிட்டேன். வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தது தாளில் நிற்கிறது, பாரேன். என் தங்கச்சியிடம், அதுதான் உன் வீட்டுக்காரியிடம் காட்டினேன். கொம்பெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறாய் என்றாள்.

உன் மகன் செல்வம் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறான். நீ போனபோது மூன்று வயது. இப்போது காதோரம் நரை. காற்றடித்து உப்ப வைக்கிற ரப்பர் படகும் துடுப்பும் கொண்டுவந்திருக்கிறான். கொட்டகுடி ஆற்றில் தன்னந்தனியாக இறங்கி, வைகை அணை வரைக்கும் போகப்போகிறானாம். நாளைக்குக் காலையில். இது புரட்டாசி, மாப்ளே.

தையில் போ, தண்ணீர் அடங்கி ஓடும் என்றேன். தையில் லீவு இல்லையாம். போனைக் காட்டி, போடிக்கு மழையே இல்லை என்றான்.

"ஆறு போடியிலயா பொறக்குது?" என்றேன்.

"விடுங்க மாமா. சாரல் நின்னா ஆத்துல எறங்கலாம்னு எங்கப்பாவே சொல்லுவாராம், அம்மா சொல்லுச்சு. அவரு போனது லாரி டியூபு, வெடிச்சிருச்சு. இது நல்ல படகு."

அது உன் சொல்லா?

டியூபில் மூங்கிலைக் கட்டி வைத்துக்கொண்டு, எப்போது இறங்கலாம் என்று நீ என்னைத்தான் கேட்டாய். சாரல் நின்றதும் போ என்றேன். போடிக்காரனுக்குச் சாரல் நின்றால் மழை நின்றது. மலைமேல் ஏலத்தோட்டத்து ஆட்களுக்கோ, சாரல் நின்ற பிறகுதான் மத்தியானத்து இடிமழை. துக்கத்துக்கு வந்த ஒரு தோட்டக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நீ இறங்கியபோது இங்கே சுள்ளென்று வெயில். ஆறு இறங்கி வருகிற குரங்கணிக்கு மேலே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டியூபு வெடிக்கவில்லை, வெள்ளம் வந்தது. இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சி என் சொல்லை உன் சொல்லாக்கி மகனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

இன்று மத்தியானம் பாலத்தில் போய் நின்றேன். தலைக்கு மேல் வெயில். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை, கறுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறமாகி, ஏலச்செடித் தட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கும் அப்படித்தானே வரும்?

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பொழுது சாய்வதற்குள் முடித்து இந்தத் தாளை அவன் கையில் கொடுத்துவிடுவேன், இது சத்தியம். அவன் வெரசாகப் படித்துவிடுவான். அதற்குப் பிறகு என்னை மாமா என்று கூப்பிடுவானா? கூப்பிடாவிட்டாலும் போகட்டும். நாளைக்கு அவன் அந்தப் படகுக்குக் காற்றடிக்காமல் இருந்தால் போதும்.

என்ன ஆனது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுதக்கூடியதாக இருக்க வேண்டும், மாப்ளே.

உன் மகனுக்குத் தாய்மாமன்,
உனக்கு மச்சான்.