சீட் பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்தவர்

அப்பா,

இன்று காலை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது உன் தைல பாட்டில் கையில் வந்தது. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க உன் வலது தோளின் வாசனை. நீ போய் ஒரு வருடம் ஆகிறது, தைலம் இன்னும் கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது. ஏர்போர்ட் படியில் சறுக்கித்தான் அந்தத் தோள் கெட்டது என்று அம்மா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். உண்மை உனக்கும் எனக்கும் தெரியும். உனக்கே தெரியாத ஒன்றும் உண்டு. அன்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் பழி முழுவதையும் உன் மேல் போட்டுவிட்டேன்.

அது மழைக்காலம், மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றிருந்த மாதம். விமானப் பணிப்பெண் என்றால் என்னதான் வேலை செய்கிறாள் என்று பார்க்க ஆசைப்பட்டாய். எனக்குக் கிடைக்கும் சலுகை டிக்கெட்டில், அந்தமான் போய்த் திரும்பும் என் விமானத்திலேயே உன்னை ஏற்றினேன். நீ பண்ணின அலப்பறை கொஞ்சமா? பாதுகாப்பு அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய், ஊரில் காட்ட வேண்டுமாம். பிடுங்கித் திரும்ப வைத்தேன். பெல்ட்டைப் பூட்டிவிட்டபோது, "மாட்டைக் கூட இவ்ளோ இறுக்கமா கட்ட மாட்டோம்மா" என்றாய். பக்கத்து சீட்காரர் சிரித்துவிட்டார். மேலே விளக்கு எரிந்தால் எழுந்திருக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தலையாட்டினாய்.

திரும்பும் வழியில் கடல் மேல் கனத்த மேகம். விளக்கு எரிந்தது. ஒவ்வொரு வரிசையாக பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். பணிப்பெண்களும் உடனே உட்காரும்படி கேப்டனின் குரல் வந்தது. அந்தக் குரல் வந்துவிட்டால் கையில் இருப்பதை விட்டுவிட்டு, அருகில் எந்த இருக்கை காலியோ அதில் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும், அதுதான் விதி. என் பக்கத்திலேயே ஓர் இருக்கை காலியாக இருந்தது. ஆனால் இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண், மடியில் குழந்தையோடு சூடான காபியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை மட்டும் வாங்கிவிடலாம் என்று நடந்தேன். விமானம் தூக்கிப் போட்டதில் உன் வரிசைக்குப் பக்கத்தில் முட்டி அடிபட விழுந்தேன்.

உப்பளத்தில் தலைச்சுமையோடு வரப்பில் ஒருத்தி சறுக்கினால், பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடுவார். யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் பார்க்க மாட்டார். நீயும் அதைத்தான் செய்தாய். பெல்ட்டைக் கழற்றி எழுந்து என் கையைப் பிடித்தாய். அடுத்த குலுக்கலில் எதிர் இருக்கையின் கைப்பிடியில் உன் தோள் மோதியது. நான் தரையில் உட்கார்ந்தபடியே கத்தினேன்: "சார், உட்காருங்க! பெல்ட் போடுங்க!" நீ உட்கார்ந்து, ஒற்றைக் கையால் பெல்ட்டைத் தேடினாய்.

சென்னையில் இறங்கியதும் டாக்டர் உன் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். நான் அறிக்கை எழுதினேன்: 'விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது பயணி தாமாகவே பெல்ட்டைக் கழற்றி எழுந்தார்.' பொய் இல்லை. கேப்டன் சொன்ன பிறகும் நான் நடந்துகொண்டிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பயந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உன்னையே திட்டினேன். "எத்தினி வாட்டி சொன்னேன்? ஏம்ப்பா எழுந்த?"

நீ கோபப்படவே இல்லை. "நீ ஒக்காந்திருந்தா நான் எதுக்கும்மா எழுந்திருக்கப் போறேன்?"

கொஞ்ச நேரம் கழித்து, "படியில சறுக்கிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடுறேன். இல்லன்னா உன்னை வேலைய விடச் சொல்லுவா" என்றாய். அந்த வருடம் உப்பு வாரும் பலகையை உன்னால் தள்ள முடியவில்லை. மோட்டார் கொட்டகையில் காவலுக்கு உட்கார்ந்தாய்.

இப்போதெல்லாம் கேப்டன் குரல் வந்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். "காபி கொட்டினா கொட்டட்டுங்க, அப்புறம் தொடைச்சிக்கலாம்" என்று அங்கிருந்தே சொல்கிறேன். எழப்போகிறவர்களும் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே அமர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த அறிக்கை உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், விட்டதை எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ நாள் கழிச்சு எதுக்கும்மா இது? வம்பு உனக்குத்தான்."

"அதுல எங்கப்பா மேல தப்புன்னு இருக்குதுங்க" என்றேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பழைய தாளோடு புதியதையும் என் கண்ணெதிரே சேர்த்துத் தைத்துவிட்டார்கள். இனி அதைப் படிக்கிறவர்கள், நீ ஏன் எழுந்தாய் என்பதையும் படிப்பார்கள்.