அர்வாவுக்கு ஒவ்வொன்றாக

ஜனவரி 13, திங்கள்

காலையில் நான்கு பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். இசக்கியம்மா இன்றும் கிளட்சைச் சட்டென்று விட்டு மூன்று தடவை வண்டியை நிறுத்திவிட்டார். "பரவாயில்லம்மா, பைய விடுங்க" என்றேன்.

சாயங்காலம் மகள் அர்வாவைக் கடைக்கு அனுப்பினேன். சீரகம், தீப்பெட்டி, தேங்காய் எண்ணெய். தீப்பெட்டி மட்டும் வந்தது. மற்றது எங்கே என்றால் முழிக்கிறாள். ஒன்பது வயது!

ஜனவரி 24, வெள்ளி

எட்டாம் வாய்ப்பாடு. நேற்று முழுசாகச் சொன்னவள், இன்று எட்டு மூன்று எவ்வளவு என்றால் வாயே திறக்கவில்லை. ஸ்கேலை எடுத்து உள்ளங்கையில் அடித்துவிட்டேன்.

அவள் அழவில்லை. "நாளைக்கு ஞாபகம் வச்சுக்கிடுதேன் வாப்பா" என்றாள்.

பிறந்தபோது அந்தக் கை என் கட்டைவிரல் நுனி அளவுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை நீட்டினால் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையையா அடித்தேன்?

ஜனவரி 25

என் மனைவி ரைஹானத் அந்த ஸ்கேலை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். தலைமையாசிரியர் வேதநாயகம் மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல பிள்ளைதான். ஆனா சொல்லுதது எதுவும் நிக்க மாட்டேங்குது. முழுப்பரீட்சையில கணக்குல தேறலைன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிடுங்க."

திரும்பி வரும்போது ரைஹானத் பைக்கின் பின்னாலிருந்து சொன்னாள்: "டாக்டர்ட்ட காட்டுவோம். ஏழு மாசத்துல பொறந்தவ. ஒரு கிலோகூட இல்ல."

"அதெல்லாம் அப்பவே சரியாப் போச்சு" என்றேன்.

சரியாகிவிட்டதா? யார் என்னிடம் சொன்னார்கள்?

பிப்ரவரி 12, புதன்

பாளையங்கோட்டையில் குழந்தைகள் டாக்டர் விஜயஸ்ரீயைப் பார்த்தோம். படம், கட்டை, எண்கள் என்று ஒன்றரை மணி நேரம் அர்வாவைச் சோதித்தார்கள். நான் வெளியில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

"புத்தியில ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர். "வயித்துல இருக்க வேண்டிய கடைசி மூணு மாசத்துலதான் மூளை வேகமா வளரும். இவளுக்கு அது வெளியில நடந்திருக்கு. இப்படிப் பிறந்த சில பிள்ளைங்களுக்கு ஒரு விஷயத்த மனசுல பிடிச்சுக்கிட்டே இன்னொண்ணச் செய்யறது சிரமம். சோம்பல் இல்ல, அலட்சியம் இல்ல. மூணு சொன்னா ரெண்டு நழுவிடும்."

தீப்பெட்டி மட்டும் வந்தது.

நான் அடித்ததை டாக்டரிடம் சொன்னேன். ரைஹானத் என் முகத்தைப் பார்த்தாள். என் கையைத் தொட்டாள்.

பிப்ரவரி 13

"இசக்கியம்மாவுக்கு முதல்ல கிளட்ச், பொறவு கியர், பொறவு பிரேக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லுதீங்க" என்றாள் ரைஹானத். "நம்ம புள்ளைக்கு மட்டும் ஒரே மூச்சுல நாலு சொல்லுதீங்க. ஏன்?"

இருபது வருஷமாக இதுதானே என் தொழில்!

மார்ச் 7, வெள்ளி

நோன்பு திறக்கும் முன் அரை மணி நேரம் எனக்கும் அர்வாவுக்கும் வகுப்பு. ஒரு அட்டையில் ஒரு கணக்கு மட்டும் தெரியும் அளவுக்குச் சதுரமாக ஓட்டை வெட்டினேன். தாளின் மேல் அதை வைத்தால் மற்ற கணக்குகள் மறைந்துவிடும். கணக்கின் படிகளைப் பக்கத்தில் எழுதி வைத்தோம். மனசில் வைக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொள்ளலாம்.

பத்தில் ஏழு சரி. ஏழு!

மார்ச் 19

இன்று பத்தில் இரண்டு. எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவி வந்தேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுவோமா?" என்று அவளே கேட்டாள்.

மார்ச் 26

வகுப்பாசிரியை ஸ்வீட்லினிடம் அட்டையைக் காட்டினேன். "பரீட்சையிலயும் இத வச்சுக்கிடட்டும் சார். தலைமையாசிரியர்ட்ட நான் பேசுதேன்" என்றார். பேசியும்விட்டார். கூடுதலாகப் பதினைந்து நிமிஷமும் தருவார்களாம். அந்த டீச்சருக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

கணக்குப் பரீட்சை. "எப்படி எழுதினா?" என்று கேட்கக்கூடாது என்று ரைஹானத் கண்டிப்பு. கேட்கவில்லை. மூவரும் ஆற்றில் போய்க் குளித்தோம். அர்வா தண்ணீருக்குள்ளிருந்து வரவே மாட்டேன் என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கணக்கில் அறுபத்தேழு! அறுபத்தேழு!

வேதநாயகம் சார் எழுந்து வந்து கை கொடுத்தார். "நான் அவசரப்பட்டுட்டேன் வே" என்றார். நானும்தான் சார், என்றேன்.

அக்டோபர் 15, புதன்

மதியம் ஸ்டியரிங்கில் ஒரு புதுப் பையன், பக்கத்தில் நான். ஸ்வீட்லின் டீச்சரிடமிருந்து போன். "உடனே பள்ளிக்கூடத்துக்கு வர முடியுமா சார்?"

மறுபடி என்ன? வண்டியை அப்படியே பள்ளிக்கு விடச் சொன்னேன்.

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். "காலாண்டுல கணக்குல அர்வா வகுப்புல மூணாவது. பள்ளிக்கூடங்களுக்கு இடையில நடக்குத கணக்குப் போட்டிக்கு அவ பேரக் குடுத்திருக்கோம். உங்க கையெழுத்துக்குக் கடிதம் குடுத்து விட்டு நாலு நாளாச்சு. இன்னைக்குத்தான் கடைசி நாள், இன்னும் வரலையே?"

அர்வாவைக் கூப்பிட்டார்கள். பையைத் திறந்து, அறிவியல் நோட்டுக்குள்ளிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள்.

"ஏம்மா சொல்லல?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்துட்டேன் வாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார். கடைசியில் அர்வாவும். சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.