அம்மன் துணியில் வெட்டிய கை

வெள்ளிக்கிழமை, இரவு

சின்ன வயதிலிருந்து என் ரவிக்கையை நானேதான் தைத்துப் போடுகிறேன். கத்தரியைக் கையில் எடுத்தால் வேறு நினைப்பே இருக்காது. இன்று அதுவே வினையாகிவிட்டது. பெட்டியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, ரவிக்கைக்கு இரண்டு கையும் வெட்டிய பிறகுதான் மூலையில் குங்குமப் பொட்டு தெரிந்தது. ரப்பர் மலையில் பால் வெட்டப் போய் வழுக்கி விழுந்த இவர் கால் குணமானால் சாத்துகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்து வைத்த துணி.

நேற்றுதான் கம்பை ஊன்றி நாலு எட்டு வைத்தார். அவரிடம் சொல்லாமல் கோயிலுக்கு ஓடினேன்.

பூசாரித் தம்பி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா அழுவுறீங்க? ஒட்டுப் போட்டு ஆத்தாளுக்குப் பாவாடையா தைச்சுக் கொண்டாங்கக்கா."

"குத்தமாயிராதா தம்பி?"

"ஒங்க அளவுக்குத் தைச்சாத்தான் குத்தம். ஆத்தா ஒல்லி."

வந்ததும் மிஷினில் உட்கார்ந்தேன். கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தபோது இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாருக்கு இத்தினிக்கூண்டு பாவாடை?"

"ஆத்தாளுக்கு."

"அடுத்தவங்களுக்கு ஊசியே தொட மாட்டியே நீ."

பதில் சொல்ல நிமிர்ந்தேன். கம்பு கட்டிலோரம் சாய்ந்தபடியே இருந்தது. அதை மறந்துவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

குனிந்து மறுபடி மிஷினை மிதித்தேன். கரை மடிப்பது மட்டும் பாக்கி. கண் சொருகுகிறது, தாயே.