விட்டுக்கொடுக்க முடியாத ஆட்டம்

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கும் நானே ஜெயித்தேன். சந்தோஷமாக இல்லை.

ஆட்டம் நான் செய்தது. பெயர் முட்டை லோடு. ஆளுக்கொரு முட்டை அட்டை, முப்பது குழி. லூடோ டப்பாவில் இருந்த பகடையை உருட்டி, விழுகிற எண்ணுக்குப் புளியங்கொட்டையைக் கையில் சேர்த்துக்கொண்டே போகலாம். போதும் என்று நிறுத்தினால் அத்தனையும் குழிக்குள் போகும். நிறுத்துவதற்குள் பகடையில் ஒன்று விழுந்தால் லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது, கையில் இருப்பது முழுக்க உடைசல். முதலில் அட்டையை நிரப்புகிறவருக்கு ஜெயிப்பு.

ஆட வருவது பக்கத்து வீட்டு வித்யாக்காவும் அப்பாவின் தங்கை வசந்தாமணி அத்தையும்தான். ஒரு கொத்து கறிவேப்பிலைக்காகக் கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிற அத்தை. அவளுக்கு இரண்டே குழி பாக்கி, கையில் ஐந்து கொட்டை. நிறுத்தவில்லை. "இன்னொருக்கா உருட்டிப் பாக்கறேன் சாமி." ஒன்று விழுகிற வரைக்கும் உருட்டினாள். அப்புறம் "அட, போச்சே!" என்றாள். அந்தப் "போச்சே"யில் வருத்தமே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

விதியை மாற்றினேன். எத்தனை தடவை உருட்டப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

அத்தை ஒவ்வொரு முறையும் "பத்து" என்கிறாள். வித்யாக்கா ஒவ்வொரு முறையும் "ஒன்னு" என்கிறாள். நடுவில் வேறு எண்ணே கிடையாதா?

ஜெயித்தது நான்.

ஜூன் 13, வெள்ளி

ஆட்டம் பிடிக்கவில்லை, சீக்கிரம் முடியட்டும் என்று தோற்கிறார்களோ? அப்படியென்றால் வராமலே இருக்கலாமே. நான் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடுகிற ஆளில்லை நான். எழுந்து நின்று பாடம் வாசிக்கப் பயந்தே பத்தாவதைப் பாதியில் விட்டவள். முதல் நாள் அவர்களாகத்தான் வந்தார்கள். ஏன் வந்தார்கள்?

ஜூன் 15, ஞாயிறு

அம்மா டீ கொண்டுவந்து வைத்தபோது வித்யாக்கா அவளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். தறிப்பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். தறி ஓடுகிற சத்தத்தில் காது கேட்காது. ஆனால் வீட்டில் எந்தத் தறி ஓடுகிறது?

நானும் அதே பட்டறையில்தான் நூல் சுற்றுகிறேன் என்பது அக்காவுக்கு மறந்துபோச்சு போல. உதடு சொன்னது: "இன்னிக்கும் அவதான்."

ஜூன் 18, புதன்

பட்டறையில் அம்மா தறிக்கு இந்தப் பக்கம், வித்யாக்கா அந்தப் பக்கம். அம்மா என்னமோ கத்திக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்க்க முடியாத தூரத்தில் கத்துவதுதான் பேச்சு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போது கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. அம்மாவின் குரல் நிற்கவில்லை.

"—நாளைக்கும் தோத்துருங்க வித்யா, செயிச்சாத்தான் எம்பொண்ணு மோனி நாலு வார்த்தை பேசறா!"

அவ்வளவு பெரிய பட்டறையில் அது மட்டும் கேட்டது. ஓனர் காளிதாஸ் அண்ணன் வாசலில் இருந்து, "யாருங்கக்கா செயிக்கறது? சொசைட்டி எலெக்சனா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அறுந்த நூலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். எதுவும் அறுந்திருக்கவில்லை.

எனக்கென்ன பிச்சையா போடறீங்க? ஒரு ஆட்டத்துல தோத்தா நான் என்ன செத்தா போயிருவேன்? நான் என்ன அவ்வளவு—

எழுத வரல.

ஜூன் 19, வியாழன்

அம்மா சொன்னாள்: "உன்னைய ஏமாத்தோணும்னு இல்ல சாமி. ஊட்டுக்குள்ள உன்ற சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு."

அட்டைகளைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். போட்டால் அவர்கள் வர மாட்டார்கள். வராமல் இருந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை இல்லை.

அவர்களே நினைத்தாலும் எனக்காகத் தோற்க முடியாத மாதிரி ஓர் ஆட்டம் வேண்டும்.

ஜூன் 21, சனி

கிடைத்துவிட்டது.

மூன்று அட்டையும் நடுவில். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம் கட்டியாகிவிட்டது. அதே நிறங்களில் மூன்று துண்டு நூல் பைக்குள். ஆளுக்கொன்று எடுத்து, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். உருட்டுகிற எண்ணை எந்த அட்டையிலும் நிரப்பலாம். ஒன்று விழுந்தால் ஏதாவது ஓர் அட்டையில் ஐந்து முட்டை உடைசல். நிரம்புகிற அட்டை யாருடைய நிறமோ அவருக்கு ஜெயிப்பு.

என் நிறம் தெரியாமல் எனக்கு எப்படி விட்டுக்கொடுப்பார்கள்?

ஜூன் 22, ஞாயிறு

இரண்டு பேரும் கொட்டையை வைப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வித்யாக்காவுக்கு ஒன்று விழுந்தது. நீலத்தில் ஐந்தை எடுத்தாள். அத்தை துள்ளினாள். "ஏன்டி, நீலத்துல எதுக்கு கை வெக்கற?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்புறம் எனக்கு ஒன்று விழுந்தபோதெல்லாம் நீலத்தையே உடைத்தேன்.

"வாயத் தொறக்காம இருந்துக்கிட்டு என்ற முட்டையவே உடைக்கறா பாரு! ஊமைக்குசும்பு!" சிவப்பு நிரம்பி வித்யாக்கா ஜெயித்ததும், அத்தை நூலை வீசிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நானும்தான் தோற்றேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று அத்தை வரவில்லை. இன்று சாயங்காலம் நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆட வாரீங்களா அத்தை?"

"போடி. நீயும் வித்யாளும் கூட்டு."

"இல்லைங்கத்தை."

"இருந்தா மட்டும் சொல்லிருவியா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள். "நூலுப் பைய நான்தான் புடிப்பேன். மொதல் நூலு எனக்கு. உன்னைய நம்ப முடியாது."

வழி நெடுக என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.